பிடியரிசிப் பானையில் வேப்பிலை

எங்கள் சபையில் பேய் கிடையாது. பேய் மட்டுமல்ல, சூனியம், செய்வினை, கண்ணேறு, நல்ல நேரம், கெட்ட நேரம் எதுவும் கிடையாது. போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் உபதேசியார்தான் பிரசங்கம் செய்வார், பேய் இல்லை என்பதை அடிக்கடி சொல்லுவார். ஆலயத்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். திரும்பும் வழியில், யட்சி குடியிருப்பதாகச் சொல்லும் பாலைமரத்தடி வந்ததும் அதே பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வேக வேகமாக நடப்பார்கள். சிறுமியான எனக்கு அது நல்ல வேடிக்கை. பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் போய்விட்டது.

கரமனை ஆற்றுக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சந்தில் குடியிருந்தோம். எல்லாம் தெற்கேயிருந்து பிழைக்க வந்த தமிழ் வேதக்காரக் குடும்பங்கள். ஆண்களில் பலர் விடிந்ததும் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்து, அங்குள்ள மொத்தக் கடைகளில் மூட்டை நிறுப்பதும் கணக்கு எழுதுவதுமாக வேலை பார்த்தார்கள். என் அப்பா ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோத்தவர். எனக்கு விவரம் தெரிகிற வயதுக்கு முன்பே நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்தார். அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள் மிஞ்சினோம். மிஷன் பள்ளிக்கூடத்துத் துரைசாணி என் அம்மாவுக்குத் தையல் டீச்சர் வேலை கொடுத்தாள். சந்தில் வேலைக்குப் போகிற பெண் அம்மா ஒருத்திதான். யாருக்கும் அது பிடிக்கவில்லை. வாயால் மட்டும் எல்லாரும் ‘கர்த்தர் கிருபை’ என்றார்கள்.

எங்கள் சபை கண்டிப்பான சபை. பூ வைக்கக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது, கோலம் போடக் கூடாது, கூத்துப் பார்க்கக் கூடாது. முற்றத்தில் வேப்பமரம் நிற்கக் கூடாது. அம்மை போட்டால் வேப்பிலை கட்டி மாரியம்மனைக் கும்பிட்ட கூட்டத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். வேதத்துக்கு வந்த அன்றைக்கே மரத்தையும் வெட்டிவிட வேண்டும் என்று எங்கள் முன்னோர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் எங்கள் ஆட்கள் வேப்பிலையைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்குவார்கள். யார் வீட்டில் எந்த விதி தவறுகிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. அதற்குப் ‘புத்தி சொல்லுதல்’ என்று பெயர். இந்தப் புத்தியை நான் நிறைய வாங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்தச் சபையில் ஒரு தனி இடம் இருந்தது. அவளுடைய அப்பா ஒரு காலத்தில் பேர்போன மந்திரவாதி. மலையடிவாரத்தில் ஏழெட்டு ஊருக்கு அவர்தான் செய்வினை எடுக்கவும் வைக்கவும். கடைசியில் மனம் மாறி, ஞானஸ்நானம் வாங்கிய நாளில் தன் மந்திர ஏடுகளை ஆலய வாசலில் குவித்துத் தீ வைத்தாராம். அப்போது அம்மாவுக்கு ஆறேழு வயது. வருஷந்தோறும் அறுப்பின் பண்டிகைக்கு வெள்ளைக்காரப் போதகர் வரும்போது அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி இந்தச் சாட்சியைச் சொல்ல வைப்பார்கள். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த குடும்பம் என்று காட்ட எங்கள் சபைக்கு அவள்தான் கைவசம் இருந்தாள். துரைமாருக்கு அந்தக் கதையென்றால் உயிர்.

ஆனால் அம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியாது. பார்த்ததை மட்டும் சொல்லுவாள். “ஏடு எரிஞ்சுது. அப்பா பக்கத்தில நின்னு அழுதாரு. மழை வரும்போல இருந்துது.” இவ்வளவுதான். உபதேசியாருக்கு இது போதாது. ஒரு வருஷம் பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, “தீக்குள்ளேருந்து பிசாசு அலறின சத்தம் கேட்டுதுன்னு ஒரு வார்த்த சேத்துக்கிடு டீச்சரே. துரைக்குச் சந்தோசமா இருக்கும்” என்றார்.

“எனக்குக் கேக்கல்லியே” என்றாள் அம்மா.

“ஆருக்காவது கேட்டிருக்குமில்லா?”

“கேட்டவிய வந்து சொல்லட்டும்.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனுஷர். அவரை நல்லவர் என்று எழுத எனக்கு இப்போதும் கை வருகிறது, அதுதான் வேதனை. இந்தக் கதையில் ஒரு கெட்டவன் இருந்திருந்தால் எனக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க வசதியாக இருந்திருக்கும்.

இனி பிடியரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வேதக்கார வீடுகளில் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். அது கர்த்தருடைய பங்கு. சனிக்கிழமை இரண்டு பெண்கள் கூடையோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி, ஆலயத்துப் பெரிய பானையில் கொட்டுவார்கள். எல்லா வீட்டு அரிசியும் அதில் கலந்துவிடும். குத்தரிசி, பச்சரிசி, நிறம் மங்கின பழைய அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சாதாரணமாக அதை விற்று ஆலயச் செலவுக்கு எடுப்பார்கள். அந்த வருஷம் விற்கவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. கொப்பரை விலை விழுந்து, சாலைக் கடைகளில் ஆள் குறைத்துவிட்டார்கள். எங்கள் சந்தில் பகலில் ஆண்கள் நடமாடத் தொடங்கினார்கள். அதுவரை பகலில் அந்தச் சந்து பெண்களுடையதாகவும் கோழிகளுடையதாகவும் இருந்தது. வேலையில்லாத ஆண்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு கோபப்பட்டார்கள், பிறகு அடுத்த வீட்டு அடுப்பில் புகை வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். எங்கள் அடுப்பில் புகை வந்தது. துரைசாணி கொடுத்த வேலை இருந்ததே. அம்மாவுக்கு அது கூச்சமாக இருந்தது. ஒரு பிடி எடுக்கிற இடத்தில் இரண்டு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள்.

சபை கூடி, பிடியரிசியை ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். பானையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தார்கள். மழைக்காலம் வேறு. பல வீட்டு அரிசி சேர்ந்து கிடந்ததில் வண்டு விழுந்துவிட்டது. அம்மா காய்ந்த வேப்பிலையும் நாலைந்து வத்தல் மிளகாயும் அடியில் போட்டு வைத்தாள். வண்டு போயிற்று. மலையடிவாரத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சமாசாரம். இலையை அவள் எங்கே பறித்தாள் என்றுகூட எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்து மரத்திலிருந்து, பட்டப்பகலில்.

அரிசியைக் கொட்டும்போது அவள் உதடு அசையும். கூடை கவிழக் கவிழ ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைகளின் பேரையும் வாய்க்குள் சொல்லி ஜெபிப்பாள். சத்தமாக ஜெபிக்க அவளுக்குக் கூச்சம்.

முதல் ஞாயிறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நானும் ஓடிப்போய் நின்றேன். அம்மா என்னை இழுத்து வெளியே விட்டாள். “உனக்கு வீட்டில இருக்கில்லா. இல்லாத்த பிள்ளைய குடிக்கட்டும்” என்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூட்டத்தோடு உட்கார்ந்து, இலையைக் கோட்டிச் செய்த கும்பிளில் குடிக்கிற கஞ்சிக்கு ஒரு ருசி உண்டு, அதெல்லாம் அம்மாவுக்கு எங்கே தெரியும். பசித்த பிள்ளைகளுக்குக் கஞ்சி ஆறுகிறவரை பொறுமை இல்லை. ஆலயக் கிணற்றுப் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆற்றிக் குடித்தார்கள்.

சில வாரம் இப்படி நடந்தது. பிறகு சந்தில் வாந்திபேதி வந்தது.

இரண்டு பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஒன்று உபதேசியாரின் கடைசி மகள். சுருட்டை முடிக்காரி, ஆலயத்தில் அப்பா பிரசங்கம் பண்ணும்போது அவர் அங்கியைப் பிடித்து இழுப்பாள், சபையே சிரிக்கும். இன்னொன்று என் அத்தையின் மகன். அத்தை என் அப்பாவின் தங்கை, எங்களுக்கு அடுத்த வீடு. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. அவன் போன அன்றைக்கு அத்தை அழவில்லை. அவனுடைய நிக்கரைத் துவைத்துக் காயப்போட்டாள். நான் பார்த்தேன். அதனால் பின்னால் அவள் செய்ததற்கு என்னால் அவளை முழுசாக வெறுக்க முடிந்ததில்லை.

சர்க்கார் சுகாதார ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். ஆலயத்தைச் சுற்றி நடந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, அதன் மேட்டுப்பக்கத்தில் இருந்த கக்கூசையும் பார்த்துவிட்டு, “ஈ கெணத்தில வெள்ளம் ஆரும் குடிக்கருது” என்று, இந்தக் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாதென்று, மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கிணறு சபை மூப்பர் தன் அப்பா ஞாபகமாகத் தோண்டிக் கொடுத்தது. கல்லில் பேர் வெட்டியிருந்தது. கக்கூஸ் இருந்தது அவர் வாடகைக்கு விட்டிருந்த வீடுகளில் ஒன்றில். வேலை போனவர்களில் பாதிப்பேர் அந்த வீடுகளில்தான் குடியிருந்தார்கள். கிணற்றின் மேல் குற்றம் சொல்ல எந்த வாய்க்குத் தைரியம் வரும்? மூப்பரும் கெட்டவரில்லை, பயந்துபோனார். தன் கிணறு இரண்டு பிள்ளைகளைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு எந்த மனுஷனால் சோறு தின்ன முடியும்? வேறு ஒரு காரணம் கிடைத்தால் அவருக்கும் உயிர் வரும், வாடகைக்காரர்களுக்கும் உயிர் வரும்.

காரணத்தை அத்தை கண்டுபிடித்தாள். பானையைக் கழுவப் போன பெண்களில் அவளும் ஒருத்தி. கவிழ்த்தபோது அடியிலிருந்து வேப்பிலையும் வத்தலும் விழுந்தன. பெண்கள் இரண்டடி பின்வாங்கினார்களாம். எல்லாருக்கும் தெரியும், செய்வினைக்காரன் குடத்தில் வைக்கிறது என்ன என்று. வேதத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் அதை மட்டும் ஒருத்தரும் மறக்கவில்லை.

அத்தை நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். இலையைக் கையில் வைத்திருந்தாள்.

“மைனி, இது நீங்க போட்டதா?”

“ஆமா, வண்டு விழுந்திருந்துது.”

“ஒங்க பிள்ளைய மட்டும் எதுக்குக் கஞ்சி குடிக்க விடல்ல?”

அம்மாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. “எளா, நீ என்ன கேக்குக?” என்றாள். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் உயிரோடு நின்றேன். அவளுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாகவே சேர்ந்துகொண்டது. மந்திரவாதி மகள். கொட்டும்போது வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பாள். சந்தே பட்டினி கிடக்கும்போது அவள் வீட்டில் மட்டும் உலை கொதிக்கிறது, எங்கிருந்து? அம்மாவை மேடையேற்றிக் காட்டின அதே சாட்சி இப்போது அவளுக்கு எதிராகத் திரும்பியது. ஏட்டையெல்லாம் எரித்தார் என்று யார் கண்டது, ஒன்றிரண்டை மகளுக்கு வைத்திருக்க மாட்டாரா? பிசாசு அலறின சத்தம் இவளுக்குக் கேட்கவில்லையாமே, போகாத பிசாசு எப்படி அலறும்? இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்தில் குறையவே இல்லை.

ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் சபையில் சூனியம் கிடையாதே. இல்லாத ஒன்றைச் செய்ததாக ஒருத்தியை எப்படி விசாரிப்பது? அதற்கும் வழி கண்டார்கள். ‘அஞ்ஞான ஆசாரம் அனுசரித்தது’ என்று குற்றத்துக்குப் பேர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் மாரியம்மனுக்கு வெடி போட்டு வழிபட்டாலும் அதே பேர், பஞ்சாங்கம் பார்த்தாலும் அதே பேர். வெளியே சொன்னது அது. உள்ளே எல்லாருடைய மனதிலும் இருந்தது வேறு.

கடல் தாண்டிய ஒரு தேசத்தில், எங்களைப் போலவே பாட்டும் கூத்தும் பாவம் என்று ஒதுக்கி, ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த வேதக்காரர்கள் பெண்களைச் சூனியக்காரிகள் என்று தூக்கிலிட்டார்கள் என்று பெரியவளான பிறகு படித்தேன். படித்த பலர் அதை மூடநம்பிக்கை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேயை நம்பினதால் மட்டும் அவர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள். செத்த பிள்ளை இருந்திருக்கும், போன வேலை இருந்திருக்கும், பேர் வெட்டின கிணறு ஒன்று இருந்திருக்கும், பக்கத்தில் ஆண் துணை இல்லாத ஒரு பெண்ணும் இருந்திருப்பாள். அங்கேயும் ஒத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள், மறுத்தவர்கள் செத்தார்கள் என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

விசாரணையில் பெண்கள் பேச முடியாது. அவரவர் வீட்டு ஆண்கள்தான் பேச வேண்டும். எங்களுக்கு உரிய ஆண், முறைக்கு, அத்தையின் புருஷன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அம்மாவிடம் கேள்விக்குப் பதில் மட்டும் வாங்கினார்கள். வண்டு விழுந்ததால் போட்டேன் என்றாள். முணுமுணுத்தது ஜெபம் என்றாள். “ஜெபத்துக்கு ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?” என்று யாரோ கேட்டார்கள். “ஒளிக்கல்ல, மெதுவாச் சொன்னேன்” என்றாள். கிணறு என்று அவள் ஆரம்பித்தபோது மூப்பர் எழுந்து ஜெபத்தோடு கூட்டத்தை முடிக்கலாம் என்றார். அம்மாவைச் சபையை விட்டு நீக்கினார்கள். நற்கருணை கிடையாது, பெஞ்சு கிடையாது, வாசலுக்கு வெளியே நின்று பிரசங்கம் கேட்கலாம். மனந்திரும்பி அறிக்கை செய்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

அடுத்த சனிக்கிழமை கூடைக்காரப் பெண்கள் எங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அம்மா கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அவர்கள் சந்து முனையில் திரும்புகிறவரை நின்றாள். தையல் வேலையும் போயிற்று, துரைசாணிக்கு மூப்பரின் கடிதம் போயிருந்தது. அதற்கெல்லாம் அம்மா அழவில்லை. “செய்யல்ல, அதனால செய்யல்லன்னு சொன்னேன். அவ்வளவுதான் மக்ளே” என்பாள். கர்த்தர் எப்போதாவது உண்மையைக் காட்டுவார் என்று உறுதியாக நம்பினாள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

அக்காவின் கல்யாணம்தான் அதைத் தகர்த்தது. அக்காவுக்கு எக்சைஸ் ஆபீசில் கிளார்க்காக இருந்த ஒரு பையனை முன்பே பேசி வைத்திருந்தோம். நெய்யாற்றின்கரைப் பக்கம், நல்ல குடும்பம். ஒருமுறை வந்தபோது அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அந்த டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கேலி செய்ய எனக்கு அது ஒரு வருஷத்துக்குப் போதுமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஆலயத்தில் அறிவிப்பு வாசிக்க வேண்டும், ஓலை வாசிப்பது என்போம். சபை நீக்கின வீட்டுப் பெண்ணுக்கு ஓலை வாசிக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆள் அனுப்பினாள். சபையில் சேர்த்துக்கொண்டால் கல்யாணம், இல்லையென்றால் அவர்களுக்கு வேறு பெண் இருக்கிறது. அக்கா பாயை விட்டு எழவில்லை. கஞ்சியைக் கொண்டு வைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“செய்யாத்தத செஞ்சேன்னு சொல்லட்டுமா?” என்று அம்மா அவளிடம் கேட்டாள். “நீ சொல்லு பிள்ளே. சொல்லட்டுமா?”

அக்கா அழுதாள். பத்தொன்பது வயசு அவளுக்கு.

உபதேசியார் ஒரு சாயங்காலம் வந்தார். மகள் போனபிறகு ஆள் பாதியாகியிருந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாட்சியில் ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்ல வந்த மனுஷர் என்று சொன்னால் நம்ப முடியாது.

“டீச்சரே, நான் சபைக்காக வரல்ல. எனக்காக வந்தேன். கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு நான் ஞாயிறுதோறும் பிரசங்கம் பண்ணுகேன். எனக்கே நம்ப முடியல்ல. என்னத்துக்கு எடுத்தாரு? நான் என்ன செஞ்சேன்? நீங்க செஞ்சதுன்னு ஒரு வார்த்த சொன்னா நான் ஒங்கள மன்னிச்சிருவேன். சத்தியமாட்டு மன்னிச்சிருவேன். எனக்கு ஒறக்கம் வரும்.”

“கெணறு உபதேசியாரே” என்றாள் அம்மா, மெதுவாக.

“அந்தக் கெணத்தில வெள்ளம் கோரி எனக்க மகளுக்குக் கொடுத்தது நானாக்கும்” என்றார் அவர்.

அவர் போன பிறகு அம்மா அவர் உட்கார்ந்திருந்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அக்காவின் தலையைத் தடவி, “எழும்பு. குளி. ஓலை வாசிப்பாவ” என்றாள்.

போதகர் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வெள்ளைச் சேலை உடுத்து ஆலயத்துக்குள் போனாள். அக்காவும் நானும் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அம்மா வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, கணீரென்ற குரலில் சொன்னாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வேப்பிலையைக் கெட்ட நினைவோடு போட்டேன். என் வயிற்றெரிச்சலால் செய்தேன். யார் சொல்லித்தந்தது என்று மூப்பர் கேட்டார். அம்மா “எனக்க அப்பா” என்றாள். ஏடு எரிகையில் நின்று அழுத அந்த மனுஷரையும் அன்றைக்கு அவள் விட்டுக்கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சபை அதை மனந்திரும்புதலின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

ஆலயம் முழுக்க ஒரு பெருமூச்சு. எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. உபதேசியார் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பாட்டுப் பாடினார்கள். பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அத்தை வந்து கட்டிக்கொண்டு, “நான் மன்னிச்சிட்டேன் மைனி, மன்னிச்சிட்டேன்” என்று கதறினாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அடுத்த மாதம் மூப்பர் ஓசைப்படாமல் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார், கக்கூசையும் இடித்தார். அதற்குப் பிறகு சந்தில் வாந்திபேதி வரவில்லை. அறிக்கை செய்ததால் சாபம் நீங்கிற்று என்றார்கள்.

ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. அக்கா அழகாக இருந்தாள்.

எங்களில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அக்கா வரவில்லை. மாமியார் விடவில்லை என்று சொல்லி அனுப்பினாள். குழந்தை பிறந்த சேதி வந்ததும் அம்மா பிரசவ மருந்தான காயப்பொடியும் பழந்துணியும் மூட்டை கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அக்கா கட்டிலில் கிடந்தாள். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். அக்கா குழந்தையைச் சுவரோரமாக நகர்த்தினாள்.

“தூக்காண்டாம் அம்மா” என்றாள். “இப்பத்தான் ஒறங்குகு.”

குழந்தை கண்ணை விழித்துக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மா நிமிர்ந்து, “செரி பிள்ளே, ஒறங்கட்டும்” என்றாள். காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். மாமியார்க்காரி சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று வழியெல்லாம் நான் பொருமினேன். அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானே தனியாகப் போனேன். மாமியார் வீட்டில் இல்லை. அக்கா சந்தோஷமாகக் குழந்தையை என் மடியில் வைத்தாள். அது தன் பாட்டுக்கு என் விரலைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் அவளுக்குப் பயமில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்.

“உனக்காகத்தான அம்மை பொய் சொன்னா! ஓலை வாசிக்கணும்னு சொன்னா! உனக்குத் தெரியாதா?”

அக்கா கத்தவில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

“ஒரு சாட்சியில ஒரு வார்த்த கூட்டிச் சொல்லாத்தவ நம்ம அம்மை. வேதத்தில கை வச்சு, அத்தன பேரு முன்னால, அவளுக்க அப்பாவுக்க பேரைச் சொல்லிப் பொய் சொல்லுவாளா? நீயே சொல்லு. அவ பொய் சொல்லி நீ எப்பவாவது கேட்டிருக்கியா?”

கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் நின்றிருந்தாள். நான் எங்கே போயிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. “பிள்ளைய மடியில வச்சியா?” என்று மட்டும் கேட்டாள். வைத்தேன் என்றேன். குழந்தைக்குத் தேய்த்துவிட்ட தேங்காய் உருக்கெண்ணெய் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அம்மா என் இரண்டு கையையும் பிடித்து, முகத்தோடு சேர்த்து வைத்து மோந்து பார்த்தாள். வெகுநேரம் விடவில்லை.